எட்டு முடித்த கோடை

இந்தியாவில் பள்ளியை விட்டு நின்றுவிடும் பிள்ளைகளின் கணக்கை வகுப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தால், ஓரிடத்தில் எண் சட்டென்று எகிறுகிறது. ஒன்றிய அரசின் 2021-22ஆம் ஆண்டுப் பள்ளிக் கல்விப் புள்ளிவிவரப்படி ஐந்தாம் வகுப்பு வரை இடைநிற்றல் 1.5 விழுக்காடு, ஆறு முதல் எட்டு வரை 3 விழுக்காடு. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் அது 12.6 விழுக்காடு. சேர்க்கை விகிதமும் இதையே சொல்கிறது. நடுநிலை வகுப்புகளில் 94.7 ஆக இருந்தது, ஒன்பது, பத்தில் 79.6 ஆகி, மேல்நிலையில் 57.6க்கு இறங்கிவிடுகிறது. தமிழ்நாடு இந்தச் சராசரிக்கு வெகுவாக மேலே நிற்கிறது. ஆனாலும் இறக்கம் தொடங்கும் இடம் இங்கும் அதே எட்டாம் வகுப்புதான்.

பாடம் கடினமாவது இதற்கு ஒரு காரணம். எட்டு வரை அனைவரும் தேர்ச்சி என்று ஏறிவந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக் கணக்கைப் பார்த்துத் திகைத்து நிற்பது எந்த ஆசிரியருக்கும் தெரிந்த காட்சி. ஆனால் எட்டு முடித்த கோடையில் பிள்ளையைவிட அதிகமாக மாறுவது வீட்டின் வரவுசெலவு என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த வரவுசெலவைப் புரிந்துகொண்ட திட்டங்கள் பலன் தந்திருக்கின்றன. புரிந்துகொள்ளாதவை பணத்தைச் செலவழித்தும் பிள்ளையைத் தவறவிட்டிருக்கின்றன.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். எட்டாம் வகுப்போடு அரசின் சட்டக் கடமை முடிகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தம், குடும்பத் தொழில் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்குத் தந்து, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்றது. 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பிள்ளையைப் பள்ளியில் வைத்திருக்கும் கடமை என்று முடிகிறதோ அன்றே அதை வேலைக்கு அனுப்பும் வழி திறக்கிறது. எந்தப் பொருளாதாரக் காரணத்தைப் பற்றிப் பேசினாலும் இந்த 14 வயதுக் கோட்டின் மேல் நின்றுதான் பேசியாக வேண்டும்.

தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய 25 விழுக்காட்டு இடங்களுக்கும் இதே கோடுதான். எல்.கே.ஜி.யில் சேர்ந்து கட்டணமில்லாமல் எட்டு வரை படித்த பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் அதே பெஞ்சில் உட்கார முழுக் கட்டணம் கட்ட வேண்டும். கட்ட முடியாத பெற்றோர் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளி தேட வேண்டும். பத்தாண்டுப் பழக்கம், நண்பர்கள், ஆசிரியர்கள் எல்லாம் அறுபடும் இந்த இடமாற்றம் பொதுத்தேர்வு வகுப்புக்கு ஓராண்டு முன்னால் நேர்கிறது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். பாடநூல் பன்னிரண்டு வரை விலையில்லாமல் கிடைக்கிறது, பேருந்து அட்டையும் உண்டு. ஆனால் மாநிலம் தரும் உதவிகள் எல்லாம் ஒரே வகுப்பில் முடிவதில்லை. சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சத்துணவு பத்தோடு முடிகிறது. ஒன்றிய அரசின் உணவுத் திட்டம் எட்டு வரைதான் பணம் தருகிறது, அடுத்த இரண்டு வகுப்புகளுக்குத் தமிழ்நாடு தன் செலவில் போடுகிறது. மிதிவண்டி வருவதோ பதினொன்றாம் வகுப்பில். ஆக ஒன்பதாம் வகுப்பு ஒரு நடுப்பள்ளமாகிவிடுகிறது. எட்டு வரை வந்த சீருடை இல்லை, பதினொன்றில் வரப்போகும் சைக்கிள் இன்னும் இல்லை. செலவு மட்டும் கூடுகிறது. கைடு, பத்தாம் வகுப்பை நினைத்து இப்போதே தொடங்கும் டியூஷன். இவற்றில் டியூஷன்தான் கனமானது. அதற்கு அனுப்பாவிட்டால் பிள்ளை தோற்றுவிடும் என்ற பயம் கூலிக்காரக் குடும்பத்தையும் பிடித்துக்கொண்டுவிட்டது.

இதில் பள்ளியின் அமைப்பும் ஒரு பங்கு வகிக்கிறது. கிராமத்து நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிகிறது. அதில் படித்த பிள்ளை ஒன்பதுக்கு இன்னோர் ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கோ மேல்நிலைப் பள்ளிக்கோ போக வேண்டும். ஆறாம் வகுப்பிலேயே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு ஒன்பது என்பது அடுத்த அறை. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கோ அது டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று, புதிய பேருந்துத் தடம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உடன் வரும் அப்பா. ஒவ்வொரு பிள்ளையின் விஷயத்திலும் ஒரு முடிவெடுக்க வேண்டிய கட்டாயத்தை அந்த டி.சி. உண்டாக்குகிறது. தானாக நடந்துவிடும் சேர்க்கைக்கும் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய சேர்க்கைக்கும் இடையில்தான் பல பெண்பிள்ளைகள் நின்றுபோகிறார்கள்.

தூரத்தைப் பணமாக மாற்றிப் பார்க்கத் தெரிந்த அரசுகள் இந்தியாவில் உண்டு. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தமிழ்நாடு மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியது. பிறகு அது எல்லா மாணவர்களுக்குமாக விரிந்தது. பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தது. அந்தத் திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு உயர்ந்தது, ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு சுருங்கியது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி. ஒன்பதாம் வகுப்பில் கொடுத்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். சேரத் தயங்கும் நேரத்தில் சைக்கிள் வாசலில் நின்றது. தமிழ்நாட்டில் பத்தைத் தாண்டி வந்தவருக்கு அது கிடைக்கிறது.

ஆனால் நேர்ச்செலவு முழுவதையும் அரசு ஏற்றுக்கொண்டாலும் கேள்வி தீராது. தியோடர் ஷுல்ட்சும் கேரி பெக்கரும் 1960களில் மனித மூலதனம் பற்றி எழுதியபோது வலியுறுத்திய விஷயம், படிப்பின் பெரிய செலவு கட்டணமல்ல, படிக்கும் நேரத்தில் சம்பாதிக்காமல் விட்ட கூலி என்பது. பத்து வயதுப் பிள்ளை விட்ட கூலி சிறிது. பதினைந்து வயதுப் பையன் கட்டடத்தில் சித்தாளாக, கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் ஆளாக, தறியில் ஏவலாளாகக் கொண்டுவரக்கூடியது பெரியவர் கூலியை நெருங்கிவிடுகிறது. வயது ஏறஏற விட்ட கூலி ஏறுகிறது, அரசு தரும் உதவி இறங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் ஒன்பதாம் வகுப்பு.

இந்தக் கணக்கை நம் மாநில வரலாறே பார்த்திருக்கிறது. 1953இல் இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதிநாள் மட்டும் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. சாதி அடுக்கை நிலைநிறுத்தும் திட்டம் என்ற எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. அதோடு அதில் ஒரு பொருளாதாரத் தீர்வும் பொதிந்திருந்தது. பிள்ளையின் உழைப்பு வீட்டுக்குத் தேவை என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு இடம்விட்டுப் பள்ளியை அது சுருக்கியது. காமராஜர் எதிர்த்திசையில் போனார். 1956 முதல் மதிய உணவு போட்டு, பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடியதில் ஒரு பகுதியைப் பள்ளியே கொடுக்கும்படி செய்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். ஒருவேளைச் சோறு பள்ளி தரும் கூலி என்று எடுத்துக்கொண்டால், அது சிறுவயதுப் பிள்ளைக்குப் போதுமானதாகவும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் போதாததாகவும் இருப்பது ஏன் என்று விளங்கும்.

கூலிச் சந்தை பெண்பிள்ளையை எப்படி இழுக்கிறது என்பதற்குக் கொங்கு மண்டலத்து நூற்பாலைகளைவிடத் தெளிவான சான்று இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து ஆலைகள் பல சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் வளரிளம் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்துக்கு எடுத்தன. ஆலை விடுதியில் தங்க வேண்டும், மாதக் கூலி குறைவு, ஒப்பந்தம் முடியும்போது ஒரு மொத்தத் தொகை. கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று ஏஜென்ட் சொல்லுவார். தென்மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து பெண்கள் வண்டியேறினார்கள். இடையில் உடம்பு முடியாமல் திரும்பியவர்களுக்கு மொத்தத் தொகை மறுக்கப்பட்டது குறித்தும், வெளியே போக விடாத விடுதிகள் குறித்தும் 2011 முதல் பன்னாட்டு அறிக்கைகள் வந்தபின் அந்தப் பெயர் மறைந்தது. விடுதியில் வைத்து வேலை வாங்கும் முறை வேறு பெயர்களில் தொடர்ந்தது. மூன்றாண்டு என்ற காலமும், அதில் சேரும் பெண்ணின் வயதும் தற்செயலானவை அல்ல. பத்தாம் வகுப்பில் தோற்றவள் அல்லது எட்டோடு நின்றவள், கல்யாண வயதுக்கு முன்னால் இருக்கும் இடைவெளி, சேர்க்க வேண்டிய வரதட்சணை, இம்மூன்றும் சேர்ந்த ஒரு பொருத்தம் அது. மேல்நிலைப் பள்ளிக்குப் போட்டி வேறொரு பள்ளி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஊர்களில் மேல்நிலைப் பள்ளியோடு போட்டி போட்டது மில் வேன்.

முன்பணம் பிள்ளையை இழுப்பது வேறு வகை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிகளில் அட்வான்ஸ் வாங்கிய குடும்பம் அதைக் கழிக்கும்வரை தறியை விட்டுப் போக முடியாது. இன்னொரு கை சேர்ந்தால் கழியும் வேகம் கூடும், அந்தக் கை பெரும்பாலும் மூத்த பிள்ளையுடையது. செங்கல் சூளையில் குடும்பமே ஒரு வேலைக்குழு. மண் குழைக்க, கல் அறுக்க, புரட்டிப்போட என்று எல்லாருக்கும் வேலை உண்டு, கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பதால் பிள்ளையின் உழைப்பு தனியாகத் தெரிவதே இல்லை. சூளையிலும் கரும்பு வெட்டிலும் பெருமளவில் இருப்பவர்கள் இருளரும் தலித்துகளும். சவ்வாது மலை, கல்வராயன் மலைக் குடும்பங்கள் கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போகின்றன. பருவத்துக்குப் பருவம் ஊர் மாறும் இவர்களின் பிள்ளைக்குத் தொடக்கப் பள்ளியில் எங்காவது ஒட்டிக்கொள்ள முடியும். பொதுத்தேர்வுக்குப் பதிவெண் வேண்டிய வகுப்பில் அது முடியாது. உண்டு உறைவிடப் பள்ளியும் விடுதியும் ஒழுங்காக நடக்கும் இடங்களில் மட்டுமே இந்தப் பிள்ளைகள் பத்தைத் தாண்டுகிறார்கள். விடுதிச் சாப்பாட்டின் தரத்தை ஒரு பொருளாதாரக் காரணியாகவே நான் எண்ணுகிறேன்.

கூலி உயர்ந்தால் குடும்பம் தேறும், தேறினால் பிள்ளை படிக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அது எப்போதும் உண்மையல்ல என்று மனிஷா ஷாவும் பிரைஸ் ஸ்டைன்பர்க்கும் இந்தியக் கிராமங்களை வைத்து 2017இல் காட்டினார்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் வயலில் வேலை கூடுகிறது, கூலி ஏறுகிறது, வளர்ந்த பிள்ளைகள் பள்ளியிலிருந்து குறைகிறார்கள். வறட்சி ஆண்டில் வேலையில்லாததால் பள்ளியில் இருக்கிறார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்திலும் இந்த இரட்டை முகம் இருந்தது. அம்மாவின் கையில் சொந்தக் காசு சேர்ந்தது பல வீடுகளில் பிள்ளையின் படிப்புக்குப் போனது. அதே நேரம் அம்மா வேலைக்குப் போன நாளில் சமையலையும் தம்பி தங்கையையும் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றவள் மூத்த பெண். வருமானம் எவ்வளவு என்பதோடு யாருடைய நேரத்தை விற்று வந்தது என்றும் கேட்டால்தான் சேர்க்கை எண்ணிக்கை புரியும்.

இனி அதிர்ச்சிகள். ஏழைக் குடும்பத்தின் சராசரி வருமானத்தைவிட அதன் மோசமான மாதம்தான் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கிறது. அப்பாவுக்கு விபத்து, அக்காவின் கல்யாணம், குழுக் கடனின் வாரத் தவணை, குடி. கடன் கிடைக்கும் இடங்களில் வட்டி எக்கச்சக்கம், வங்கியின் கல்விக் கடனோ கல்லூரிக்குத்தான். பள்ளிப் படிப்புக்கு அடகு வைக்க ஏழையிடம் இருப்பது பிள்ளையின் உழைப்பு ஒன்றே. பணமில்லாமை மட்டுமே எத்தனை பேரை நிறுத்துகிறது என்பதைக் கானா நாட்டில் நடந்த ஓர் ஆய்வு துல்லியமாக அளந்தது. 2008இல் மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும் பணமில்லாமல் சேராதிருந்த 2,064 பேரில் 682 பேருக்குக் குலுக்கல் முறையில் நான்காண்டு உதவித்தொகை தரப்பட்டது. எஸ்தர் டுஃப்ளோ, பாஸ்கலின் டுபா, மைக்கேல் கிரெமர் மூவரும் அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். உதவி பெற்றவர்கள் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு பெறாதவர்களைவிட மிகமிக அதிகமாக இருந்தது. விருப்பம் இருந்தது, தகுதி இருந்தது, இல்லாதது பணம். 2017இல் அந்த நாடு மேல்நிலைக் கல்வியையே கட்டணமற்றதாக்கியது.

இதற்கு நேர்மாறான ஒரு வாதத்தையும் மதிக்க வேண்டும். மைரன் வீனர் 1991இல் இந்தியக் குழந்தைகளையும் அரசையும் பற்றி எழுதிய நூலில், ஏழ்மை ஒரு சாக்கு என்றார். இந்தியாவைவிட ஏழையாக இருந்த காலத்திலேயே பல நாடுகள் கட்டாயக் கல்வியைச் சாதித்தன, இங்கே தடையாக இருப்பது உழைக்கும் சாதிப் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்ற மேல்தட்டு மனம்தான் என்பது அவர் வாதம். சிவகாசித் தீப்பெட்டி ஆலைப் பிள்ளைகளைப் பற்றியும் அவர் எழுதினார். தொடக்கக் கல்வியைப் பொறுத்தவரை அவரைக் காலம் மெய்ப்பித்துவிட்டது என்றே சொல்வேன். பள்ளியும் சோறும் சட்டமும் வந்ததும் பிள்ளைகள் வந்தார்கள். வீனரின் வாதத்தை ஒன்பதாம் வகுப்புக்கு நீட்டினால், சட்டத்தை 18 வயதுவரை நீட்டாமல் ஏழ்மையைக் குறைசொல்வது நியாயமல்ல என்று ஆகும். நான் அதை ஏற்கிறேன். ஆனால் பதினாறு வயதுப் பையனின் கூலியை ஈடுகட்டாமல் சட்டத்தை மட்டும் நீட்டினால், அவன் பெயர் பதிவேட்டில் இருக்கும், அவன் திருப்பூரில் இருப்பான்.

இது கற்பனையல்ல. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் வரவில்லை என்ற செய்தி தமிழ்நாட்டை உலுக்கியது. கொரோனா காலத்தில் தேர்வில்லாமல் தேர்ச்சி பெற்று, பள்ளிக்கே வராமல் பெயர் மட்டும் தொடர்ந்தவர்கள் அவர்களில் பலர் என்று அரசு விளக்கியது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கு 2021 பிப்ரவரியில்தான் திறந்து மறுபடி மூடியது. அந்த இடைவெளியில் வேலைக்குப் போய்ச் சம்பளம் பார்த்த பிள்ளையைத் திரும்ப அழைத்துவருவது எவ்வளவு கடினம் என்பது வீடுவீடாகப் போன ஆசிரியர்களுக்குத் தெரியும். சேர்க்கை எண்ணை மட்டும் வைத்து எழுதப்படும் ஆய்வுகளை அந்த மார்ச்சுக்குப் பிறகு நான் முன்போல நம்புவதில்லை.

படித்தால் என்ன கிடைக்கும் என்பதும் கணக்கில் வருகிறது. ராபர்ட் ஜென்சன் டொமினிக்கன் குடியரசில் எட்டாம் வகுப்புப் பையன்களிடம் உயர்நிலைப் படிப்பு முடித்தவர்களின் உண்மைச் சம்பளத்தைச் சொன்னபோது, அவர்கள் அதுவரை நினைத்திருந்தது அதைவிட மிகக் குறைவு என்று தெரியவந்தது. தகவல் அறிந்தவர்கள் கூடுதலாகப் படித்தார்கள், மிக ஏழைகள் மட்டும் தகவல் கிடைத்தும் தொடர முடியவில்லை. கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாட்டை வைத்து எமிலி ஆஸ்டரும் ஸ்டைன்பர்க்கும் செய்த ஆய்வில், கால் சென்டர் போன்ற நிறுவனங்கள் வந்த இடத்துக்குச் சில கிலோமீட்டர் சுற்றளவில் மட்டும் பள்ளிச் சேர்க்கை கூடியது. கண்ணால் பார்க்கும் வேலைதான் நம்பிக்கை தருகிறது. இன்று சிற்றூர்ப் பிள்ளைகளின் கண்முன்னால் நிற்பது கடன் வாங்கிப் பொறியியல் முடித்துவிட்டு உணவு டெலிவரி செய்யும் அண்ணன். எட்டு முடித்த தம்பி அந்த அண்ணனைப் பார்த்துத் தன் கணக்கைப் போடுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாடு இந்தப் பலன் பக்கத்தில் நிறையச் செய்திருக்கிறது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவி, எட்டாம் வகுப்பு படித்த பெண்ணுக்கு 5,000 ரூபாய் என்று கல்யாணத்தையும் படிப்பையும் முடிச்சுப்போட்டது. பிறகு பத்தாம் வகுப்பு நிபந்தனையானது, பட்டதாரிப் பெண்ணுக்குக் கூடுதல் தொகையும் தாலிக்குத் தங்கமும் வந்தன. 2022இல் அது புதுமைப்பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் ஆயிற்று. ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024இல் வந்தது. கல்யாணத்திலிருந்து கல்லூரிக்குப் பணத்தை நகர்த்தியது பெரிய முன்னேற்றம். 2011-12 முதல் இடைநிற்றலைக் குறைக்கப் பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்குத் தலா 1,500, பன்னிரண்டுக்கு 2,000 என்று 5,000 ரூபாய் வைப்புத்தொகையும் வைக்கப்பட்டது. அது கைக்கு வருவது படிப்பு முடிந்த பிறகு.

இங்கேதான் என் மனக்குறை. இந்தத் திட்டங்களின் பணம் எல்லாம் பள்ளியை முடித்தவருக்கே போகிறது. நடுவில் விழப்போகிறவருக்கு இவற்றில் மாதாமாதம் வருவது ஏதுமில்லை. 1997இல் மெக்சிகோ தொடங்கிய ப்ரோகிரேசா திட்டம் வகுப்பு ஏறஏறத் தொகையையும் ஏற்றியது, உயர்நிலை வகுப்பில் பெண்ணுக்கு ஆணைவிடக் கூடுதலாகக் கொடுத்தது. விட்ட கூலியின் ஏற்றத்தைப் பின்தொடர்ந்தே அந்தத் தொகை நிர்ணயமானது. இந்தியாவில் இதற்கு நெருக்கமாக வருவது எட்டாம் வகுப்பில் தேர்வெழுதி வெல்லும் தேசிய வருவாய்வழி, திறன்வழி உதவித்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதாவது மாதம் 1,000. தொகையும் காலமும் சரி. ஆனால் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 பேர். பத்தாம் வகுப்புத் தேர்வெழுதுவோர் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம். மேலும் அது போட்டித்தேர்வில் முந்தியவர்களுக்குப் போகிறது. நின்றுபோகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிப்பதே இல்லை.

அரசுப் பள்ளியில் ஒன்பதில் சேரும் எல்லாப் பிள்ளைக்கும் இல்லாவிட்டாலும், நடுநிலைப் பள்ளியிலிருந்து டி.சி. வாங்கிவரும் பிள்ளைக்கும், விடுதிப் பிள்ளைக்கும், இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைக்குமாவது அந்த 1,000 ரூபாயைத் தேர்வு வைக்காமல், வருகைப் பதிவைப் பார்த்து ஜூன் மாதத்திலிருந்தே தாயின் கணக்கில் போடலாம். மிதிவண்டியைப் பதினொன்றிலிருந்து ஒன்பதுக்கு இறக்கலாம். சீருடையையும் சத்துணவையும் பன்னிரண்டு வரை நீட்டலாம். 25 விழுக்காட்டு இடத்தில் வந்த பிள்ளையின் கட்டணத்தைப் பத்து வரையாவது அரசு தொடர்ந்து கட்டலாம். இவற்றில் எதற்கும் புதிய துறையோ புதிய ஆணையமோ தேவையில்லை. மில் ஏஜென்ட் ஊருக்கு வருவது மே மாதத்தில். பள்ளியின் பணம் அதற்கு முன்னால் வந்து சேரும்படி ஓர் அரசாணையை ஏப்ரலிலேயே போட்டுவிட முடியும்.